மஞ்சள் பூப் புதர்: வெட்ட வெட்ட முளைக்கிறது, தீ வைக்கலாமா?

எமரால்டுக்காரன்:
நீலகிரியில் எமரால்டு பக்கம் முக்கால் ஏக்கர் பட்டா நிலம். அப்பா இருந்தவரை காரட் போட்டார், அப்புறம் நாலு வருஷம் சும்மா கிடந்தது. இப்போது பாதி நிலத்தில் தோளுயரப் புதர். இலை பேருக்குத்தான், குச்சியெல்லாம் பச்சை, பட்டாணிப் பூ மாதிரி மஞ்சள் பூ, முள் கிடையாது. போன மாசம் இரண்டு ஆள் வைத்து மண்வெட்டியால் கொத்தித் தள்ளினோம். மழை விழுந்ததும் கீரை விதைத்த மாதிரி முளைத்து நிற்கிறது! பக்கத்து நிலத்துக்காரர் கொளுத்தச் சொல்கிறார்.

சோலைக்கிழவன்:
கொளுத்தாதீர்கள் தம்பி. இது ஸ்காட்ச் புரூம். முள் இருந்தால் கார்ஸ் என்ற இன்னொரு மஞ்சள் பூப் புதர் என்று சொல்லியிருப்பேன். இரண்டுமே வெள்ளைக்காரன் காலத்தில் வந்தவை. விதையின் தோல் கெட்டி, மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். சூடு பட்டால் அந்தத் தோல் விரிந்து மொத்தமாக முளைக்கும். மண்ணைக் கிளறினாலும் அதே கதைதான், உங்களுக்கு நடந்தது அதுதான்.

கட்டைவிரல் தடிமன் வரை உள்ளதை ஈர மண்ணில் கையால் பிடுங்குங்கள். பெரியதைத் தோண்ட வேண்டாம். பூத்திருக்கும்போதே, காய் பிடிக்கும் முன், தரையோடு ஒட்ட ரம்பத்தால் அறுத்துவிடுங்கள். துளிர்த்தால் மறுபடி. காய் கறுத்துவிட்டதா? தாமதமாகிவிட்டது, வெயிலில் படபடவென்று வெடித்து விதையை வீசும். மிச்சத்தை எறும்பு இழுத்துப் போகும், ஜீப் டயர்ச் சேறு கொண்டு போகும்.

எனக்கு ஆத்திரம் புல்வெளிக்காகத்தான். நம் மலைப் புல் சத்துக் குறைந்த மண்ணில் வாழப் பழகியது. இதுவோ அவரை இனம், வேரில் நைட்ரஜனைச் சேர்த்து மண்ணையே மாற்றிவிடும். ஏற்கெனவே சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூக்கலிப்டஸ்) தின்றது போக மிஞ்சிய புல்லில் இது வேறு. எங்கள் மாடு இதில் வாய் வைத்ததே இல்லை.

எமரால்டுக்காரன்:
சரி ஐயா, தீ இல்லை. ஆனால் அம்மாவுக்குப் பூ பிடித்துவிட்டது. வாசலில் ஒரே ஒரு செடி இருக்கட்டுமே என்கிறார்.

விக்டோரியா மழை:
கனடாவில் வான்கூவர் தீவிலிருந்து எழுதுகிறேன். இங்கே 1850இல் கேப்டன் கிராண்ட் என்பவர் ஹவாயிலிருந்து வந்த விதையைச் சூக் என்ற ஊரில் தன் பண்ணையில் விதைத்தார். தேறியது மூன்று செடி. இன்று சாலையோரம், மின்கம்பிப் பாதை, கருவாலி (ஓக்) மரப் புல்வெளி எல்லாம் மஞ்சள். வருஷா வருஷம் அக்கம்பக்கத்தார் சேர்ந்து அறுக்கிறோம். நான் ஒரே மூலையில் ஆறு வருஷமாகப் பிடுங்குகிறேன், இந்த வசந்தத்திலும் ஒரு கூடை வந்தது. அம்மாவிடம் அந்த மூன்று செடிக் கதையைச் சொல்லுங்கள்.

சோலைக்கிழவன்:
அறுத்த இடத்தை வெறும் மண்ணாக விடாதீர்கள். வெளிச்சம் பட்டால் திரும்ப வரும். சருகு பரப்புங்கள், இல்லையென்றால் ஏதாவது நடுங்கள்.

எமரால்டுக்காரன்:
படித்துக் காட்டினேன். வாசலுக்கு ரோஜா போதுமாம். ஞாயிற்றுக்கிழமை ரம்பத்தோடு போகிறேன்.