மறு: கிட்டார் 'டிஸ்டார்ஷன்': திரிபா, உறுமலா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

மின் கிட்டாரின் ஓசை கரகரத்து முரடாவதை ஆங்கிலத்தில் 'டிஸ்டார்ஷன்' என்கிறார்கள். இயற்பியல் நூல்களில் அதற்கு இருக்கும் 'திரிபு' என்ற சொல்லையே கிட்டாருக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று ஐயா முந்தைய மடலில் எழுதியிருந்தார். ஒலிப்பொறியாளருக்கு அது சரி. அவருக்கு அது குறை. அளந்து பார்த்துக் குறைக்க வேண்டியது. ராக் கிட்டார் கலைஞரோ அதைக் காசு கொடுத்து வாங்குகிறார். தேடி வாங்கும் பண்புக்குக் கோளாற்றின் பெயரை வைத்தால் எப்படி ஒட்டும்?

தொடக்கத்தில் அது கோளாறுதான். 1951-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸில் 'ராக்கெட் 88' பாட்டு பதிவானபோது, வழியில் அடிபட்டு வந்த பெருக்கிக்குள் (ஆம்ப்ளிஃபயர்) காகிதத்தைத் திணித்து ஒப்பேற்றினார்கள். அந்தக் கரகரத்த ஓசை பிடித்துப்போகவே அப்படியே விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் தெரிந்தே செய்தவை. கிட்டார் கலைஞர் லிங்க் ரே 1958-இல் 'ரம்பிள்' வாசித்தபோது ஸ்பீக்கரின் கூம்பில் பென்சிலால் துளை போட்டார். பாட்டு வரியே இல்லாத அந்த இசைக்கு அமெரிக்க வானொலி நிலையங்கள் சில தடை போட்டன என்றால் ஓசையின் மிரட்டலைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிங்க்ஸ் ராக் குழுவின் டேவ் டேவிஸ் 1964-இல் 'யூ ரியலி காட் மீ' பாட்டுக்காகக் கூம்பை பிளேடால் கீறினார். அதற்குள் அமெரிக்காவில் இதற்கென்றே காலால் இயக்கும் மிதிகட்டை (பெடல்) விற்பனைக்கு வந்துவிட்டது; 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' தொடக்கத்தில் கேட்பது அதைத்தான்.

உள்ளே நடப்பது இதுதான். பெருக்கியால் தாங்க முடியாத அளவுக்கு மின்சைகை (சிக்னல்) ஏறும்போது அலையின் முகடுகள் மழுங்கித் தட்டையாகின்றன. அந்தத் தட்டை வடிவத்தில் மூல அலையில் இல்லாத மேற்சுரங்கள் வந்து சேர்கின்றன. மீட்டிய கணத்தின் உரத்த பகுதி வெட்டுப்படுவதால், பின்னால் தேயும் பகுதியும் ஏறக்குறைய அதே உரப்பில் நிற்கிறது. நரம்பு நீண்டு பாடுவது போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம். இந்த நீட்சிக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். நம் இசையில் 'கார்வை' இருக்கிறது.

என் முன்மொழிவு 'உறுமல்'. உறுமி மேளத்தின் தோலை வளைகுச்சியால் தேய்த்து வரவழைக்கும் ஓசையை யாரும் கோளாறு என்று சொல்வதில்லை. முரட்டு ஓசையை விரும்பிக் கேட்கும் பழக்கமும் அதற்கான சொல்லும் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. கருவி 'உறுமல் மிதி'. 'ஃபஸ்' என்னும் இன்னும் நொறுங்கிய வகைக்குக் 'கரகரப்பு' போதும். முகடு மழுங்குவதை 'முகடுவெட்டு' எனலாம்.

உறுமல் இல்லாத ஒலிக்கு ஓர் எதிர்ச்சொல்லும் வேண்டும். பென்னி குட்மனின் ஜாஸ் குழுவில் 1939-இல் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன், மின் கிட்டாரைச் சாக்ஸபோனுக்கு இணையாகத் தனி வாசிப்புக்கு உயர்த்தினார். 1960-இல் வெளியான தன் புகழ்பெற்ற இசைத்தட்டில் ஜாஸ் கிட்டார் கலைஞர் வெஸ் மாண்ட்கோமரி, நரம்பை மீட்டும் சில்லான பிக் இல்லாமல் வெறும் கட்டைவிரலால், ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயிகளில் சேர்த்து வாசிக்கிறார். இந்த ஜாஸ் ஒலிக்குத் 'தெளிவொலி' என்று எழுதலாமா?

---

அன்புடையீர்,

'கரகரப்பு' எனக்குச் சம்மதமில்லை. வானொலி சரியாக எடுக்காவிட்டால் கரகரப்பு என்கிறோம். வாசகர் பதிவே பழுது என்று நினைப்பார். 'உறுமல்' நன்றாக இருந்தாலும் அது தாழ்ந்த குரலுக்குரியது. 1969 வுட்ஸ்டாக் இசைவிழாவில் ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அமெரிக்க நாட்டுப்பண்ணை வாசித்ததைக் கேளுங்கள். உச்சத்தில் அலறும் அந்தச் சுரங்கள் எங்கே உறுமுகின்றன? 'தெளிவொலி'க்கு மறுப்பு இல்லை.

---

அம்மா அவர்களுக்கு,

வுட்ஸ்டாக்கில் அலறுவதில் பெரும்பகுதி வேறொன்று. ஸ்பீக்கரின் ஒலி நரம்பையே மீண்டும் அதிரவைத்து, அந்த அதிர்வு மறுபடி பெருக்கிக்குள் போய்ச் சுழல்வதால் வருவது அது. அகராதியில் அதற்குப் 'பின்னூட்டம்' என்று இருக்கிறது. வலைப்பதிவு படிப்பவர்களுக்கு அந்தச் சொல் வேறு பொருளில் பழகிவிட்டது. 'ஹெண்ட்ரிக்ஸ் பின்னூட்டம் இட்டார்' என்று எழுதினால் சிரிப்பார்கள். 'மீள்முழக்கம்' என்று தனியாகப் பிரித்துவிடலாம். அப்படிப் பிரித்தால் உறுமலுக்கு அந்தச் சுமை இருக்காது. உச்சச் சுரத்திலும் ஓரம் முரடாக இருக்கும்வரை அதை உறுமல் என்றே சொல்வேன். புலிக்குட்டியும் உறுமத்தான் செய்கிறது.

கரகரப்பை விட்டுக்கொடுக்க மனமில்லை. கரகரத்த குரலில் பாடுபவரைக் காசு கொடுத்துக் கேட்கத்தானே செய்கிறோம்? ஆனாலும் உங்கள் வானொலி வாதம் வலுவானது. ஃபஸ் வகைக்கு மட்டும் வேறு சொல் கிடைக்கும்வரை பட்டியலில் கேள்விக்குறியோடு இருக்கட்டும். உறுமல், முகடுவெட்டு, தெளிவொலி, மீள்முழக்கம் ஆகிய நான்கையும் வரைவில் சேர்க்கிறேன்.