கொலை வழக்குகளில் ஆத்திரமூட்டல் விலக்கு: நான்கு நாட்டுக் கூட்டாய்வுக்கு வழி கேட்கிறேன்

சட்டஆய்வு_திருச்சி
இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நான்கு நாடுகளிலும் கொலைச் சட்டத்துக்கு மூலம் 1860 ஐபிசிதான் (இந்தியத் தண்டனைச் சட்டம்). கொலையைக் குறைந்த குற்றமாக்கும் 'கடுமையான, திடீர் ஆத்திரமூட்டல்' என்ற விலக்கு நான்கிலும் இன்றும் உயிரோடு இருக்கிறது. 2010 முதல் 2025 வரையான தீர்ப்புகளை எடுத்து, எந்த நாட்டில் எத்தனை சதவீதம் இந்த வாதம் ஏற்கப்படுகிறது என்று ஒப்பிட நினைக்கிறோம். நாட்டுக்கு ஒருவர் வீதம் நான்கு பேர். நிதி தருவது ஓர் ஐரோப்பியப் பல்கலை. அறக்கட்டளை நடத்தும் எங்கள் சட்டக் கல்லூரி பணத்தை வாங்கி மற்ற மூவருக்கும் பிரித்துத் தருவதாகத் திட்டம். எங்கே இடிக்கும்?

நிதிப்பிரிவு
பணத்தில்தான் முதலில் இடிக்கும். எஃப்சிஆர்ஏ என்பது வெளிநாட்டு நிதியை ஒழுங்குபடுத்தும் இந்தியச் சட்டம். அதன் 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்த நிதியை வாங்கியவர் வேறு எந்த அமைப்புக்கும் மாற்றித் தரக் கூடாது (பிரிவு 7). ஆக, உங்கள் கல்லூரி மையமாக இருக்க முடியாது. நிதி தரும் பல்கலை நான்கு நிறுவனங்களோடும் தனித்தனி ஒப்பந்தம் போட்டு, நேரடியாக அனுப்பட்டும்.

உங்கள் பங்கை வாங்குவதற்கும் எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டும். பதிவு இல்லையென்றால் எஃப்சி-3பி படிவத்தில் முன் அனுமதி கேளுங்கள். அது குறிப்பிட்ட கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட பணிக்கு மட்டும் செல்லும். பணம் முதலில் வரவேண்டிய இடம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கு. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஐரோப்பியப் பட்ஜெட் வார்ப்புருவை அப்படியே நிரப்பினால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். சட்டத்தால் நிறுவப்பட்டு சிஏஜி (அரசின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) தணிக்கைக்கு உட்பட்ட பல்கலைகளுக்கு விலக்கு உண்டு. அப்படி ஒன்று இந்தியப் பங்காளியாகக் கிடைத்தால் வேலை பாதியாகும்.

சிலாங்கூர்_குற்றவியல்
சட்ட வாசகம் ஒன்றுதான், ஆனால் அந்த வாதத்தால் கிடைக்கும் பலன் ஒன்றல்ல. கொலைக்குக் கட்டாய மரண தண்டனை என்றால் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு விலக்குக்காக உயிரைக் கொடுத்து வாதாடும். சிங்கப்பூரில் 1.1.2013 முதல் 300(ஏ)-க்கு, அதாவது கொல்லும் நோக்கத்தோடு செய்த கொலைக்கு, மட்டுமே மரணம் கட்டாயம். மலேசியாவில் 4.7.2023 முதல் மரணம், அல்லது 30 முதல் 40 ஆண்டு சிறையும் பிரம்படியும். இலங்கையில் பிரிவு 296 மரணம் என்றே சொல்கிறது, 1976-க்குப் பிறகு நிறைவேற்றியதில்லை. இந்தியாவில் இந்தக் காலம் முழுக்க மரணம் அல்லது ஆயுள். இந்தத் தேதிகளை வைத்துப் பிரிக்காமல் 2010-2025 என்று மொத்தமாக அள்ளினால் ஒப்பீட்டுக்கு அர்த்தமே இருக்காது.

தரவு அட்டவணையில் இந்தியாவுக்கு 'குற்றம் நடந்த தேதி' என்று தனிப் பத்தி வையுங்கள். 1.7.2024-க்கு முந்தைய குற்றத்துக்கு ஐபிசி 300, 302. பிந்தையதற்கு, ஐபிசிக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 101, 103. தீர்ப்புத் தேதியைப் பார்த்துப் பிரித்தால் தப்பு.

ஒரு வழக்கை ஒரு வரியில் அடக்கப் பார்க்காதீர்கள். சிங்கப்பூரின் கோ ஜபிங் வழக்கைப் பாருங்கள்: 2010-இல் மரணம், 2013-இல் புதிய சட்டப்படி ஆயுளும் 24 பிரம்படியும், 2015-இல் மேல்முறையீட்டில் மீண்டும் மரணம். ஒவ்வொரு தண்டனை முடிவுக்கும் ஒரு வரி வேண்டும்.

கோவை294_யாழ்
சதவீதக் கேள்வியைக் கைவிடுங்கள் என்பதே என் கருத்து. இலங்கையில் உயர் நீதிமன்ற (உங்கள் உச்ச நீதிமன்றம் போன்றது), மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் கிடைக்கும், பெரும்பாலும் ஆங்கிலத்தில். கொலை விசாரணை நடப்பதோ மேல் நீதிமன்றங்களில். அந்தத் தீர்ப்புகளை இணையத்தில் தேடிப் பயனில்லை, வழக்கிலக்கத்தோடு பதிவேட்டறைக்குப் போகவேணும். வடக்கு கிழக்கில் தமிழ், மற்ற இடங்களில் சிங்களம். சிங்களம் வாசிக்கும் சட்டத்தரணி ஒருவரின் ஊதியத்தை இப்போதே பட்ஜெட்டில் போடுங்கள்.

சிங்கப்பூரில் வேறு சிக்கல். அரசுத் தரப்பே குற்றச்சாட்டைப் பிரிவு 304-க்கு (கொலையாகாத மரணம் விளைவித்தல்) குறைத்துவிட்டால், ஆத்திரமூட்டல் பற்றி நீதிபதி தீர்மானிக்க எதுவும் மிஞ்சாது. அந்த வழக்கு உங்கள் கணக்கில் வரவே வராது. மேன்முறையீட்டுத் தீர்ப்புகளை மட்டும் எடுத்து, 'எந்த நியாயத்தால் ஏற்றார்கள், மறுத்தார்கள்' என்று கேளுங்கள். அது நான்கு நாட்டிலும் செய்யக்கூடியது.

சட்டஆய்வு_திருச்சி
மிக்க நன்றி. கேள்வியை மாற்றுகிறோம். நான்கு பேரும் தீர்ப்புகளை ஒரே மாதிரி குறியீடு செய்ய (வகை பிரித்துப் பதிய) என்ன வழி?

சிலாங்கூர்_குற்றவியல்
முதலில் ஆங்கிலத் தீர்ப்புகள் 30 எடுத்து, நால்வரும் தனித்தனியே குறியிடுங்கள். பிறகு இருவர் இருவராகக் கோஹன் கப்பா (இருவரின் குறியீடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு) பாருங்கள். 0.6-க்குக் கீழே போனால் வரையறையைத் திருத்தி, புதிய 30-இல் மறுபடி. வழக்கமாகப் பிசகும் இடங்கள் இரண்டு. ஒன்று, சினம் ஆற எவ்வளவு நேரம் இருந்தது என்பது: 'அதிக இடைவெளி' என்று எழுதாமல், தீர்ப்பில் உள்ள நிமிடத்தையோ மணியையோ அப்படியே பதியுங்கள். இரண்டு, ஆத்திரமூட்டல் பற்றிய விலக்கு 1-உம் திடீர்ச் சண்டை பற்றிய விலக்கு 4-உம். இந்தியத் தீர்ப்புகளில் இரண்டையும் சேர்த்தே வாதாடுவார்கள். எது கேட்கப்பட்டது, எது ஏற்கப்பட்டது என்று தனித்தனிப் பத்தி வேண்டும்.

நிதிப்பிரிவு
பாலியல் குற்றமும் சேர்ந்த கொலை என்றால் இறந்தவரின் பெயரையும் வெளியிடக் கூடாது (பிஎன்எஸ் 72, பழைய 228ஏ). பெயர் நீக்கிய குறியீட்டுத் தாள் மட்டும் நாடு தாண்டட்டும். ஆசிரியர் வரிசையையும், ஒருவர் விலகினால் அவர் சேர்த்த தரவு யாருக்கு என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.