சின்ன ரீஃப் டேங்க், சென்னை வெயில்ல முடியுமா? புதுசா ஆரம்பிக்கிறேன், வழி சொல்லுங்க

வேளச்சேரி மீன்:

வணக்கம் மக்களே. நல்லதண்ணி டேங்க் சில வருஷமா வச்சிருக்கேன், செடி, டெட்ரா, செர்ரி இறால்னு அது பாட்டுக்கு நல்லா போயிட்டு இருக்கு. இப்போ மனசு உப்புத்தண்ணி பக்கம், பவளம் வளர்க்கற ரீஃப் டேங்க் பக்கம் போயிடுச்சு. பெருசா எல்லாம் வேணாம், வாடகை வீடு, ரெண்டாவது மாடி, ஹால்ல ஒரு மூலைதான் காலியா இருக்கு. அதுல கொஞ்சம் கோரல் (பவளம்), ஒரு ஜோடி க்ளவுன்ஃபிஷ், அவ்வளவுதான் ஆசை.

ஒரு கடையில கேட்டேன், 20 லிட்டர் க்யூப் ஒண்ண காட்டி இதுவே போதும் சார், க்ளவுன் ஜோடி, ஒரு அனிமோன் (க்ளவுன் ஒளிஞ்சுக்கற, பூ மாதிரி இருக்கற கடல் உயிரி), நாலு கோரல், லைவ் ராக் (கடல் உயிரிங்க ஒட்டியிருக்கற பாறை) எல்லாம் நாங்களே தர்றோம், ஒரே நாள்ல செட் பண்ணி கொடுத்துடுவோம்னு சொல்றாங்க. ஒரே நாள்லங்கறதுதான் எனக்கு இடிக்குது, நல்லதண்ணிக்கே சைக்கிள் ஆக, அதாவது கழிவை மாத்தற பாக்டீரியா வளர விடுறோமே, கடல்தண்ணிக்கு வேணாமா?

சந்தேகம் இதெல்லாம்தான். 20 லிட்டர் எடுக்கலாமா இல்ல பெருசா போகணுமா. மே மாசம் எங்க ஹால்ல பகல்ல 34 டிகிரி வரைக்கும் போகுது, ஏசி பெட்ரூம்ல மட்டும்தான், கோரல் தாங்குமா. வீட்டு ஆர்ஓ தண்ணியில உப்பு கலந்தா போதுமா, இல்ல பெசன்ட் நகர் பீச் பக்கம்தானே, கேன்ல பிடிச்சிட்டு வந்துடலாமா. தெரிஞ்சவங்க சொல்லுங்க, காசு போனா கூட பரவால்ல, உயிரு போகக்கூடாது.


உப்புத்தண்ணி:

ப்ரோ, உங்களுக்கு இடிச்சது சரியான இடத்துலதான் இடிச்சிருக்கு. ஒரே நாள் செட்டப் வேண்டவே வேண்டாம்.

முதல்ல சைஸ். டேங்க் சின்னதா இருந்தா வேலை கம்மின்னு எல்லாரும் நினைக்கிறோம், உப்புத்தண்ணியில அது நேர் தலைகீழ். காரணம் ஆவி. தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாது, அது டேங்க்லயே தங்கிடும். 20 லிட்டர் தண்ணி, சென்னை வெயில், மேல ஒரு ஃபேன் ஓடுதுன்னு வைங்க, ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் போறது பெரிய விஷயமே இல்ல. சனி ஞாயிறு ஊருக்குப் போயிட்டு வந்தீங்கன்னா 2 லிட்டர் காலி, 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு) இருந்த உப்பு கிட்டத்தட்ட 39 ஆகியிருக்கும். கோரல் அப்படியே சுருங்கிடும், நத்தை எல்லாம் கண்ணாடியை விட்டு கீழ விழுந்துடும். அதே 2 லிட்டர் 2 அடி டேங்க்ல போனா, கல்லு மணல் போக 45 லிட்டர் தண்ணி நிக்கும்னு வச்சுக்கிட்டா, 36.6தான் ஆகும். அதுவும் நல்லதில்லதான், ஆனா சமாளிச்சுடலாம். அதனால 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம், இதுக்குக் கீழ போகாதீங்க. கல்லு தண்ணியோட சேர்த்து 70, 80 கிலோ வரும், ஸ்டாண்ட் நல்லதா பாருங்க, பழைய டிவி ஸ்டாண்ட்ல வைக்காதீங்க.

அளவு குறையும்போது ஊத்த வேண்டியது உப்பு கலக்காத சுத்தமான தண்ணி மட்டும், அது எந்தத் தண்ணின்னு கீழ சொல்றேன். உப்புத்தண்ணி ஊத்தவே கூடாது, ஊத்தினா உப்பு மேல உப்பு ஏறிட்டே போகும். தினமும் காலைல பல்லு விளக்குற நேரத்துல ஊத்திடுங்க, கண்ணாடி வெளிய மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வச்சா எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு தெரிஞ்சிடும். முடிஞ்சா ஒரு ஆட்டோ டாப் ஆஃப் (குறையற தண்ணியை தானா ஊத்தற கருவி) வாங்கிடுங்க, ஸ்கிம்மரை (நுரையா கழிவைப் பிரிக்கற கருவி) விட இந்த சைஸுக்கு அதுதான் முதல் செலவு. என் கருத்து இது, ஆனா ரொம்ப உறுதியா சொல்றேன்.

வீட்டு ஆர்ஓ பத்தி. குடிக்கிற ஆர்ஓல டேஸ்டுக்காகக் கொஞ்சம் சுத்திகரிக்காத தண்ணியையே திரும்பக் கலந்து விடுவான், அதனால டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கறதோட அளவு) மீட்டர் வச்சா 50, 80ன்னு காட்டும். அந்த 80ல என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது, நைட்ரேட் இருக்கலாம், சிலிக்கேட் இருக்கலாம், பழைய பைப்ல இருந்து காப்பர் கூட வரலாம். காப்பர் துளி இருந்தாலும் இறால், நத்தை, கோரல் எதுவும் நிக்காது. ஆர்ஓக்கு அப்புறம் மிச்சம் கரைஞ்சிருக்கறதையும் பிடிச்சு வைக்கற டிஐ ரெசின் கேட்ரிட்ஜ் ஒண்ணு போட்டு டிடிஎஸ் 0 வர்ற தண்ணிதான் வேணும். லேப்புக்கு சப்ளை பண்ற டிஸ்டில்டு வாட்டர் கேனும் ஓகே, சின்ன டேங்க்ங்கறதால கட்டுப்படியாகும்.

உப்பு அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்க, பிளாஸ்டிக்ல முள்ளு ஆடுற ஹைட்ரோமீட்டரை நம்பாதீங்க. அதையும் 35 பிபிடி கேலிப்ரேஷன் தண்ணி வச்சு சரி பண்ணிட்டுதான் படிக்கணும். ஒப்படர்த்தி 1.025ல இருந்து 1.026க்குள்ள நின்னா போதும். உப்பை பக்கெட்ல கலந்து, ஒரு சின்ன பம்ப் ராத்திரி பூரா ஓட விட்டு, காலைல அளந்து பாத்துட்டுதான் டேங்க்ல ஊத்தணும். மீன் இருக்கற டேங்க்ல நேரா உப்பைக் கொட்டவே கூடாது.

சைக்கிள் உங்களுக்குத் தெரிஞ்சதுதான், கழிவுல வர்ற அம்மோனியாவை பாக்டீரியா நைட்ரைட்டாவும் அப்புறம் நைட்ரேட்டாவும் மாத்தற அதே கதை. காய்ஞ்ச கல்லு, அராகனைட் மணல், பாட்டில் பாக்டீரியா, அம்மோனியா 2 பிபிஎம் வர்ற அளவுக்கு விட்டுட்டு, ஒரே நாள்ல அந்த 2ம் 0 ஆகி நைட்ரைட்டும் 0 ஆகுதான்னு பாருங்க. பொதுவா 4லருந்து 6 வாரம். சைக்கிளுக்குன்னு டாம்சல் மீனைப் போடச் சொல்வாங்க, போடாதீங்க, அதுக்கும் வேதனை, பொழைச்சு நின்னுடுச்சுன்னா அப்புறம் வர்ற எந்த மீனையும் நிம்மதியா விடாது.


கோவை ரீஃப்:

மேல அண்ணா சொன்னது எல்லாம் சரி. சூடு பத்தி நான் சொல்றேன். கிளிப் ஃபேன் ரெண்டு போட்டு, தண்ணி மேல சாய்வா காத்து அடிக்கிற மாதிரி வைங்க, ரூம் 33 இருந்தாலும் டேங்க் 28, 29ல நிக்குது எனக்கு. சில்லர்னா (தண்ணியைக் குளிர வைக்கற மெஷின்) 20,000க்கு மேல போயிடும், கரண்ட் பில்லு வேற, அது இழுக்குற சூட்டை திரும்ப நம்ம ஹால்லயேதான் விடும். சின்ன டேங்க்குக்கு அது அதிகம்ங்க. பெல்டியர் வச்ச குட்டி சில்லர் ஆன்லைன்ல மலிவா வருது, அதை நம்பாதீங்க, 50 லிட்டருக்கு அதால ஒண்ணும் பண்ண முடியாது.


உப்புத்தண்ணி:

கோவை ப்ரோ, உங்க ஊர்ல அது வேலை செய்யும், காத்து காய்ஞ்சிருக்கும். ஃபேன் குளிர்ச்சி வர்றதே தண்ணி ஆவியாகறதாலதான், காத்துல ஏற்கனவே ஈரம் நிறைஞ்சிருந்தா ஆவி போக இடமில்ல. சென்னையில மதியம் கடல்காத்து திரும்பினதும் பிசுபிசுன்னு ஆகுமே, அப்போ 2 டிகிரி குறைஞ்சாலே அதிகம். 34ல 2 போனா 32, கோரலுக்கு அது ஆபத்து.

வேளச்சேரி ப்ரோ, அதனால நான் சொல்றது டேங்க்கை ஹால்ல வைக்காதீங்க, ஏசி இருக்கற பெட்ரூம்ல வைங்க. ராத்திரி ஏசி ஓடும்போது டேங்க் 26க்கு இறங்கிடும், பகல்ல ஃபேன் அதை மெதுவா ஏற விடும். லைட்டை பகல்ல போடாம சாயங்காலத்துல இருந்து ராத்திரி 11 மணி வரைக்கும் போடுங்க, லைட் சூடும் வெயில் சூடும் ஒண்ணா சேராது, நீங்க ஆபீஸ் விட்டு வந்து பாக்கவும் முடியும். ஐஸ் பாட்டில் போடற வேலை மட்டும் வேண்டாம், குபுக்குன்னு 3 டிகிரி இறங்கி மறுபடி ஏறும், 28.5ல நிலையா நிக்கறது அதை விட எவ்வளவோ மேல். ஏப்ரல் மே முழுக்க பகல்ல வீடு பூட்டியே இருக்கும்னா சில்லர் இல்லாம ஆரம்பிக்காதீங்க, அதுல நான் சமாதானம் சொல்ல மாட்டேன்.


முத்துநகர்:

தம்பி, நான் தூத்துக்குடி. கடையில "லைவ் ராக் தர்றோம்"னு சொன்னாங்கன்னு எழுதியிருக்கீங்களே, அதை யாரும் பேசலயேன்னு வந்தேன்.

நம்ம நாட்டுல கல்பவளம், அதாவது கல்லு மாதிரி எலும்புக்கூடு கட்டுற எல்லா கோரலும், 2001லருந்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. புலி யானை இருக்கற அதே பட்டியல். கடல்விசிறி, கருப்புப் பவளம், கடல்குதிரை, கடல் அட்டை எல்லாமும் அந்தச் சட்டத்தோட பாதுகாப்புலதான் இருக்கு. ஹேமர், டார்ச், அக்ரோபோரான்னு வெளிநாட்டு வீடியோல அழகழகா காட்டுறது பூரா கல்பவளம். இம்போர்ட் சரக்கு சார்னு கடைக்காரர் சொன்னாலும் பட்டியல் மாறாது, 3 வருஷத்துலருந்து 7 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கற விஷயம். லைவ் ராக்குன்னு இங்க விக்கறதுல பாதி செத்த பவளக்கல்லுதான், அது எங்க கடல்ல இருந்து வந்ததா இருக்கும்.

மன்னார் வளைகுடாவுல தூத்துக்குடியில இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் 21 தீவு, 1986ல தேசியப் பூங்கா ஆக்கினாங்க. அதுல பூவரசன்பட்டி, விலாங்குசல்லின்னு ரெண்டு தீவு இப்போ தண்ணிக்கு மேல இல்ல. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும்னு சுத்தி இருந்த பாறையை வெட்டி வெட்டி எடுத்தாங்க, அலையைத் தடுக்க பாறை இல்லாம மணல் கரைஞ்சு தீவே போச்சு. மிச்சம் இருக்கற பவளமும் 2010, 2016 கோடையில தண்ணி 30 டிகிரியைத் தாண்டினப்போ வெளுத்துச்சு. கடல்லயே அந்த நிலைமை, அதனால கல்லு எடுத்துட்டு வந்து வீட்டுல வைக்க வேண்டாம்னு கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறேன். செயற்கையா செய்யற ட்ரை ராக் கிடைக்குது, அதை வாங்குங்க. ஆறு மாசத்துல அதுவும் ஊதா கலர் பாசி பிடிச்சு கடல்கல்லு மாதிரியே ஆயிடும்.

அதுக்காக ஆசையை விட்டுடாதீங்க. ஜோவாந்தஸ், மஷ்ரூம், லெதர், க்ரீன் ஸ்டார் பாலிப், இதெல்லாம் கல்பவளம் கிடையாது, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ரொம்ப நல்லதும் கூட. எதை வாங்கினாலும் எங்க இருந்து வந்ததுன்னு கேட்டு, பில்லு வாங்குங்க. க்ளவுன் வாங்கும்போதும் டேங்க்ல பொரிச்ச குஞ்சா கேளுங்க. மண்டபத்துலயும் விழிஞ்ஞத்துலயும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இதை எப்பவோ பொரிச்சுக் காட்டிட்டாங்க, அந்த வழியில வர்ற குஞ்சு பெல்லட் தின்னு பழகியிருக்கும், கடல்ல வலை போட்டுப் பிடிச்சதை விட நல்லா நிக்கும்.

கடல் தண்ணி கேட்டீங்க. இங்க நாங்க படகுல ஆழம் போய் எடுத்துட்டு வந்து, வடிகட்டி, இருட்டுல சில நாள் வச்சுப் பயன்படுத்துறோம். பெசன்ட் நகர் கரையில வேண்டாம், அடையாறு வந்து கலக்கறதே அந்தப் பக்கம்தானே. பீச் மணலும் வேண்டாம்.


போரூர் அக்கா:

வீட்டுல குழந்தை இருக்கற எல்லாரும் இதைப் படிங்க. ஜோவாந்தஸ் நல்லதுன்னு மேல சொல்லியிருக்காங்க, அழகுதான், ஆனா அந்தக் குடும்பத்துல சிலதுல, முக்கியமா பாலிதோவாங்கற வகையில, பாலிடாக்சின்னு ஒரு விஷம் இருக்கும். உலகத்துல தெரிஞ்ச ரொம்பக் கடுமையான விஷங்கள்ல ஒண்ணு. டேங்க்ல அது பாட்டுக்கு இருந்தா ஒண்ணும் ஆகாது. அதை வெட்டும்போது, சுரண்டும்போது கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம், கையில கீறல் இருந்தா தொடவே தொடாதீங்க. பழைய கல்லை சுத்தம் பண்றேன்னு வெந்நீர்ல போட்டுக் கொதிக்க வைக்கவே கூடாது, ஆவியோட அந்த விஷம் மூச்சுல போய் குடும்பமே ஆஸ்பத்திரியில சேர்ந்த சம்பவம் வெளிநாடுகள்ல நடந்திருக்கு. தம்பி நீங்க முதல்ல மஷ்ரூம், லெதர் வச்சு ஆரம்பிங்க, ஜோவாந்தஸ் கை பழகின பிறகு பாத்துக்கலாம்.

அடுத்து கொசு. டேங்க் இருக்கற ரூம்ல கொசுவத்தி, லிக்விட், கரப்பான் ஸ்ப்ரே எதுவும் கூடாது. அந்த மருந்து இறாலுக்கும் நண்டுக்கும் துளி போதும், ஏர் பம்ப் ரூம் காத்தைத்தானே இழுத்து தண்ணிக்குள்ள விடுது. பெட்ரூம்ல வைக்கப் போறீங்கன்னா ஜன்னலுக்கு வலை அடிச்சிடுங்க, டேங்க் வாங்கறதுக்கு முன்னாடியே. வீட்டு ஓனர் ஆள் வச்சு மருந்து அடிக்கிறதா இருந்தா அவர்கிட்டயும் சொல்லி வைங்க.

கரண்ட். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல உங்க வேளச்சேரி பக்கம் நாள் கணக்குல கரண்ட் இல்ல, மறந்திருக்க மாட்டீங்க. லைட் ரெண்டு மூணு நாள் இல்லன்னா கோரல் தாங்கும், தண்ணி அசையலைன்னா மீன் சில மணி நேரத்துல மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். உப்புத்தண்ணியில ஆக்சிஜன் கரையறது கம்மி, சூடா இருந்தா இன்னும் கம்மி. பேட்டரியில ஓடுற ஏர் பம்ப் ஒண்ணு எப்பவும் கைவசம் இருக்கணும், வேவ்மேக்கரை (தண்ணியை அசைக்கற பம்ப்) இன்வெர்ட்டர் லைன்ல மாட்டிடுங்க. கரண்ட் இல்லாதப்போ தீனி போடாதீங்க. ஒயரை பிளக்குக்குக் கீழ தொங்கி வளைஞ்சு மேல ஏறுற மாதிரி விடுங்க, சொட்டுற உப்புத்தண்ணி சாக்கெட்டுக்குப் போகாம கீழ விழுந்துடும். ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே லைனை நிறுத்தற ஸ்விட்ச்) இல்லாத லைன்ல மாட்டாதீங்க, ஈரக் கையோட தினமும் வேலை செய்யற இடம் அது.


வேளச்சேரி மீன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு எதிர்பாக்கல. 20 லிட்டர் க்யூப் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன், 2 அடி, பெட்ரூம். முத்துநகர் அண்ணா சொன்ன ரெண்டு தீவு விஷயம் எனக்கு இதுவரைக்கும் தெரியாது, லைவ் ராக் பேச்சே இனி இல்ல. கடைசியா ஒண்ணு, அனிமோன் வைக்காம க்ளவுன் மட்டும் வச்சா அது ஏங்கிப் போயிடாதா? சைக்கிள் முடிஞ்சதும் எந்த வரிசையில போடணும்?


உப்புத்தண்ணி:

ஏங்காது ப்ரோ. கடல்ல பெரிய மீன்கிட்ட இருந்து தப்பிக்கத்தான் அதுக்கு அனிமோன், உங்க டேங்க்ல துரத்த யாரும் இல்ல. லெதர் கோரல் வளர்ந்ததும் அதுலயே போய்ப் படுத்துக்கும் பாருங்க. அனிமோன் இடம் பிடிக்கலன்னா நடந்துட்டே இருக்கும், வேவ்மேக்கர்ல மாட்டி அரைஞ்சுச்சுன்னா 45 லிட்டர் தண்ணியும் ஒரே ராத்திரியில கெட்டுடும், ஒரு வருஷம் ஆகாத டேங்க்ல வேண்டாம்.

சைக்கிள் முடிஞ்சதும் முதல்ல கண்ணாடியில பழுப்பா டயாட்டம்ங்கற பாசி படியும், பயப்படாதீங்க, அதைத் தின்ன மூணு நாலு நத்தை விடுங்க. ரெண்டு வாரம் கழிச்சு ஒசெல்லாரிஸ் க்ளவுன் ரெண்டு, ஒண்ணு கொஞ்சம் பெருசு ஒண்ணு சின்னதா பாத்து எடுங்க, ரெண்டும் குஞ்சா இருக்கும்போது வாங்கினா பெருசு தானா பெண்ணா மாறிக்கும், சண்டை வராது. அதோட மீன் போதும். நீல டாங் கேக்கவே கேக்காதீங்க, அது ஒரு அடி வளர்ற மீன். மாண்டரின் அழகா இருக்கும், ஆனா உயிரோட இருக்கற குட்டிப் பூச்சியா பொறுக்கித் தின்னுட்டே இருக்கறது, இந்த டேங்க்ல பட்டினியா சாகும். அப்புறம் ஒரு மாசம் எதுவும் போடாம, வாரம் 4, 5 லிட்டர் தண்ணி மாத்திட்டு, அல்கலினிட்டி (தண்ணியோட காரத்தன்மை அளவு) 8, 9 டிகேஹெச்ல நிக்குதான்னு பாருங்க. நின்னுச்சுன்னா முதல் மஷ்ரூம் போடுங்க, மணலுக்குப் பக்கத்துல, வெளிச்சம் கம்மியான இடமா பாத்து. வேவ்மேக்கர் நேரா அது மேல அடிக்க வேண்டாம்.

டேங்க் வாங்கினதும் ஸ்டாண்ட் போட்டோவும் ஒயரிங் போட்டோவும் இங்க போடுங்க, தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடறோம்.