அம்பாசடரில் பாயிண்டா, எலக்ட்ரானிக் இக்னிஷனா: புதுப்பிப்பு

அப்பாவின் அம்பாசடர் மதுரை வெயிலில் சூடானதும் மிஸ் ஆகிறது (சில நேரம் பற்றாமல் விடுகிறது), ஸ்பார்க்குக்காக மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பழைய பாயிண்டை வைத்துக்கொள்ளவா, எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறவா என்று முன்பு கேட்டிருந்தேன். மாற்றிவிட்டேன்.

ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிப் பார்த்தால் பாயிண்டின் ஒரு முகத்தில் குழி, எதிர் முகத்தில் சின்ன மேடு. பாயிண்டில் பொறி பறப்பதைக் குறைக்கும் கண்டன்சர் சரியில்லாதபோது வரும் அடையாளம் அது. சுழலும் கேமில் உரசிப் பாயிண்டைத் திறக்கும் ஹீல் என்ற சின்ன நுனியும் நன்றாகத் தேய்ந்திருந்தது. ஹீல் தேயத் தேய இடைவெளி குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங்கும் (ஸ்பார்க் வரும் நேரமும்) பின்னால் போகும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து 0.4 மி.மீ. அளவுக்குச் சரிசெய்தாலும் மறுபடி இறங்கத்தான் செய்யும். இப்போது அந்த இடத்தில் காந்த வளையமும் சென்சாரும். உரசலே கிடையாது. ஆண்டிப்பட்டி கணவாயில் வண்டி திணறாமல் ஏறுவதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்!

ஸ்பார்க் பல மடங்கு கூடும் என்பதை மட்டும் நம்பாதீர்கள். பேட்டரி மின்சாரத்தை உயர் மின்னழுத்தமாக்கும் காயில் பழையதென்றால் கிட்டத்தட்ட அதேதான். காயிலின் ஓம்ஸ் (மின்தடை) சென்சாரோடு வரும் எலக்ட்ரானிக் மாட்யூலுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். எஞ்சின் ஓடாதபோது சாவியை ஆனில் விடாதீர்கள், மாட்யூல் சூடாகிக் கெடலாம். அப்புறம், மாட்யூல் வழியில் கெட்டுப்போனால், பாயிண்டைப் போல எமரி பேப்பரால் தேய்த்துச் சமாளிக்க முடியாது. அதனால் தெற்குவாசல் மெக்கானிக் அண்ணன் சொன்னபடி பாயிண்ட் செட்டையும் புதுக் கண்டன்சரையும் டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன்.