கடன் இருக்கும்போது தசமபாகமும் சேமிப்பும்: எதை முதலில் வைப்பது?

கடுகுவிதை எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நாங்கள் பாளையங்கோட்டையில் வசிக்கிறோம். எனக்கு மாதச் சம்பளம் 32,000 ரூபாய். தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் என் மனைவிக்கு 18,000 ரூபாய். பிள்ளைகள் இருவர், மூத்தவள் மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். சம்பளம் வந்த அன்றே, வருமானத்தில் பத்தில் ஒன்றான 5,000 ரூபாயை ஆலயத்துக்குக் கொடுக்கும் தசமபாகமாக ஒரு கவரில் எடுத்துவைப்பது என் தாயார் எனக்குப் பழக்கிய ஒழுங்கு. அதை இதுவரை ஒரு மாதமும் தவறவிட்டதில்லை.

தங்கையின் திருமணத்துக்குப் பிறகுதான் நிலைமை மாறியது. வங்கியில் நகையை அடகு வைத்து வாங்கிய 2,00,000 ரூபாய், உறவினர் ஒருவரிடம் இரண்டு வட்டிக்கு வாங்கிய 1,00,000 ரூபாய், கிரெடிட் கார்டில் நிற்கும் 70,000 ரூபாய் என மூன்று கடன்கள் இருக்கின்றன. கார்டுக்கு மாதம் 3,000 ரூபாய் கட்டுகிறேன். இவற்றுக்கு நடுவே பிள்ளைகளுக்காக மாதம் 3,000 ரூபாய் வங்கியில் ஆர்.டி. (தொடர் வைப்பு) கட்டி, இதுவரை ஏறக்குறைய 40,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம்.

என் மாமனார் நல்ல விசுவாசி. "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" என்று ஆண்டவர் சொல்லியிருக்கும்போது வங்கியில் பணத்தைப் பூட்டிவைப்பது அவிசுவாசம் என்று அவர் அடிக்கடி சொல்கிறார். மனைவியோ, கடன் தீரும்வரை தசமபாகத்தை நிறுத்திவைத்தால் என்ன என்று கேட்கிறாள். போதாததற்கு, எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு வரும் சகோதரர் ஒருவர், அந்த 40,000 ரூபாயைத் தம் தொழிலில் போட்டால் மாதம் 5 சதவீதம் தருவதாகவும், அதைக்கொண்டே கடனை அடைத்துவிடலாம் என்றும் சொல்கிறார். நான் எதைச் செய்வது சரி? வேதத்தின்படியும் கணக்கின்படியும் சொல்ல முடிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கணக்கர் எழுதியது:

தம்பி, நான் ஒரு கூட்டுறவு வங்கியில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேத விளக்கத்துக்கு என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆகையால் முதலில் கணக்கைச் சொல்கிறேன்.

கிரெடிட் கார்டு வட்டி மாதத்துக்கு மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 70,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 2,450 ரூபாய். அந்த வட்டியின்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 441 ரூபாய் சேர்கிறது. நீங்கள் கட்டும் 3,000 ரூபாயில் 2,891 ரூபாய் இப்படியே போய்விட, அசலில் குறைவது வெறும் 109 ரூபாய். பாக்கி நிற்கும் கார்டில் புதிதாக ஏதேனும் வாங்கினால், அதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உறவினரின் இரண்டு வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம். வங்கி நகைக்கடன் இவை இரண்டையும்விட மிகவும் குறைவு. உங்கள் ஆர்.டி.யோ ஆண்டுக்கு ஆறு, ஏழு சதவீதத்துக்குமேல் தராது. கார்டுக்கு ஆண்டுக்கு நாற்பது சதவீதத்துக்குமேல் வட்டி கொடுத்துக்கொண்டே ஏழு சதவீதத்துக்குச் சேமிப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமப்பதுதான்.

ஆகவே ஆர்.டி.யை முறியுங்கள். முன்கூட்டியே முடிப்பதால் வட்டியில் கொஞ்சம் குறையும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். 15,000 ரூபாயைச் சேமிப்புக் கணக்கில் அவசரத்துக்கென்று விட்டுவிட்டு, 25,000 ரூபாயை ஒரே தடவையில் கார்டுக்குக் கட்டுங்கள். பிறகு ஆர்.டி.க்குப் போன 3,000 ரூபாயையும் சேர்த்து மாதம் 6,000 ரூபாயாகக் கட்டி, கார்டைத் தொடாமல் இருந்தால், பத்தாவது மாதத்தில் அந்தக் கடன் முடியும். அதன்பின் அதே 6,000 ரூபாயை உறவினரின் அசலுக்குத் திருப்புங்கள். நகைக்கடனை அசையாமல் விடலாம். ஆனால் தவணை முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, வட்டியைக் கட்டிப் புதுப்பித்துவிடுங்கள். ஏலக் கடிதம் வந்த பிறகு ஓடி வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த 15,000 ரூபாயை ஏன் விட்டுவைக்கச் சொல்கிறேன் என்றால், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மறுபடியும் கார்டைத்தான் எடுப்பீர்கள்.

மாமனாரின் வாதத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே பதில், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் அன்றாடம் கொடுத்த உணவாகிய மன்னாதான். யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில், மறுநாளுக்கென்று சிலர் மீதியாக வைத்த மன்னா பூச்சி பிடித்து நாறியது. ஆறாம் நாளில் இரண்டத்தனையாகச் சேர்த்து ஓய்வுநாளுக்கு வைத்ததோ கெடவில்லை. மன்னாவும் அதுவே, பாத்திரமும் அதுவே. நம்பிக்கையில்லாமல் பதுக்கியதைத்தான் பூச்சி தின்றது; வரப்போவது இன்னதென்று அறிந்து, சொல்லப்பட்ட அளவில் எடுத்துவைத்ததை அது தொடவில்லை. மகளின் கல்லூரிக் கட்டணம் ஒன்பது, பத்து ஆண்டுகளில் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குச் சேமிப்பதைக் கவலை என்று நான் சொல்லமாட்டேன்.

சாறிபாத் எண்ணெய் எழுதியது:

தம்பி, உங்கள் மனைவி கேட்ட கேள்வியை நானும் ஒரு காலத்தில் என் கணவரிடம் கேட்டேன். மார்த்தாண்டத்தில் சிறிய கடை வைத்திருக்கிறோம். 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் கடை மாதக்கணக்கில் மூடிக்கிடந்தபோது, சரக்குக் கொடுத்தவர்களுக்குப் பாக்கி வைத்துக்கொண்டே தசமபாகத்தையும் கொடுத்து வந்தோம். ஒருநாள் வரவு செலவு நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: அந்த மாதம் நாங்கள் உண்டியலில் போட்ட பணம் எங்களுடையதே அல்ல, எண்ணெய்க்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணம். அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான்.

சங்கீதம் 37:21 "துன்மார்க்கன் கடன்வாங்கிச் செலுத்தாமற்போகிறான்" என்று சொல்கிறது. கடனைத் திருப்பிக் கொடுப்பதும் நீதியின் ஒரு பகுதிதான். மாற்கு 7ஆம் அதிகாரத்தில், பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான், அதாவது காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டதையும் படித்துப் பாருங்கள். ஒருவர் கையிலிருந்து எடுத்து ஆண்டவர் கையில் வைப்பதை அவர் விரும்புவதில்லை என்றே நான் புரிந்துகொண்டேன்.

ஆனாலும் நாங்கள் அடியோடு நிறுத்தவில்லை. எங்கள் பாட்டி உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அது ஆலயத்துக்குப் போகும். பஞ்சமான மாதத்தில் அந்தப் பிடி சிறுத்ததே தவிர, பானை ஒருநாளும் காலியாகப் போனதில்லை. அந்த நினைவில், வருமானத்தில் பத்தில் ஒன்று என்பதை விட்டு மாதம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். "ஒருவனுக்கு மனவிருப்பமிருந்தால், அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே" என்று 2 கொரிந்தியர் 8:12 சொல்வது எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. 22 மாதங்களுக்குப் பிறகு பாக்கியெல்லாம் தீர்ந்ததும் பழைய அளவுக்குத் திரும்பினோம்.

மணியோசை எழுதியது:

சகோதரி எழுதியதை மதிக்கிறேன். இருந்தாலும் நான் உடன்படவில்லை. எங்கள் சேகரக் கமிட்டியில் (சபை நிர்வாகக் குழுவில்) பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். ஆலயத்துக்கு வருமானம் குறையும் என்பதற்காக இதைச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம்.

"உன் பொருளாலும், உன் எல்லா விளைவின் முதற்பலனாலும் கர்த்தரைக் கனம்பண்ணு" என்கிறது நீதிமொழிகள் 3:9. முதற்பலன் என்றால் முதலில் எடுப்பது. முதலில் எடுப்பதைக் குறைக்கிற குடும்பம் பிறகு மற்றவற்றையும் குறைக்கும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம், நடப்பது அதுவல்ல. சகோதரியைப் போல 1,000 ரூபாயாக்கினால், காணிக்கைக் கவரில் குறைந்த 4,000 ரூபாய் கார்டுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே வழியில் கரைந்துவிடுகிறது. 50,000 ரூபாயில் 5,000 ரூபாயை எடுத்துவிட்டு 45,000 ரூபாய்க்குள் வாழப் பழகியதுதான் தம்பியின் வீட்டில் இருக்கிற ஒரே கட்டுப்பாடு. அதையும் தளர்த்தச் சொல்வதற்கு முன்பு, கைபேசித் திட்டங்கள், வெளியே சாப்பிடுவது, பிள்ளைகளின் பிறந்தநாள் விழா ஆகியவற்றைப் பார்க்க வேண்டாமா?

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஒரு பிரசங்கத்தில் ஆக்ஸ்போர்டில் இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். அது அவரேதான் என்று கருதப்படுகிறது. ஆண்டுக்கு 30 பவுண்டு வந்தபோது அவர் 28 பவுண்டில் வாழ்ந்து 2 பவுண்டு கொடுத்தார். வருமானம் 60, 90, 120 பவுண்டு என்று ஆண்டுக்கு ஆண்டு ஏறியபோதும் அதே 28 பவுண்டில் வாழ்ந்து மீதியைக் கொடுத்தார். (அப்போது அவருக்குக் குடும்பம் இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.) சம்பளம் ஏறும்போது செலவை நிற்கவைப்பதில்தான் இருக்கிறது விஷயம்.

இன்னொன்று. தசமபாகத்தைத் தவிரச் சங்கக் காணிக்கை, பிறந்தநாள் காணிக்கை, அசனத்துக்கு (ஆலயப் பொதுவிருந்துக்கு) ஒரு தொகை என்று நம் பக்கத்தில் கொடுப்பது பலவிதம். காணிக்கையாக வந்த பொருள்களை விடும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் விட்டுக்கொடுக்கவில்லை என்பதற்காக ஒரு தேங்காயை ஆயிரம் ரூபாய்க்கு எடுத்து, அதைக் கடனாக எழுதவைத்துவிட்டுப் போகிறவர்களையும் பார்க்கிறோம். குறைக்க வேண்டுமானால் அந்தத் தேங்காயிலிருந்து தொடங்குங்கள்.

சாறிபாத் எண்ணெய் எழுதியது:

அண்ணன் சொன்ன தேங்காய் விஷயத்தில் எனக்கு மறுப்பே இல்லை. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தேங்காய் வந்ததுண்டு. ஆனால் 4,000 ரூபாய் வழியில் கரைந்துவிடும் என்பது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. குறைத்த தொகையைச் சம்பள நாளிலேயே கடனுக்குக் கட்டி, ரசீதைக் காணிக்கைக் கவருக்குள்ளேயே வைத்தோம். "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே" கொடுக்கும்படிதான் பவுல் எழுதுகிறார். நியமிப்பதற்குக் கணவனும் மனைவியும் ஒன்றாக உட்கார வேண்டும். தம்பி, உங்கள் கேள்வியில் "மனைவி கேட்கிறாள்" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். 18,000 ரூபாய் அவருடைய உழைப்பு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கணக்கர் எழுதியது:

தசமபாகத்தைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போது, மூன்றாவது கேள்வி மறந்துபோய்விட்டது. என்னைக் கேட்டால் அதுதான் அவசரமானது.

மாதம் 5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 60 சதவீதம். உண்மையாகவே அவ்வளவு லாபம் வரும் தொழில் கையில் இருப்பவர், வங்கியில் அதில் கால்வாசி வட்டிக்குக் கடன் வாங்கிக்கொள்வார். உங்களுடைய 40,000 ரூபாய்க்காக ஜெபக்கூட்டத்துக்கு வரமாட்டார். முதல் நான்கைந்து மாதங்கள் வட்டி ஒழுங்காக வரும், அதைப் பார்த்து நீங்களே இன்னும் நால்வரைச் சேர்த்துவிடுவீர்கள். பிறகு நிற்கும். நின்ற பிறகு அந்த நால்வர் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "வீணாய்த் தேடின பொருள் குறைந்துபோம், கைப்பாடாய்ச் சேர்க்கிறவனோ விருத்தியடைவான்" என்று நீதிமொழிகள் 13:11 சொல்வதை அந்தச் சகோதரருக்கே காட்டுங்கள்.

பொதுமக்களிடம் முறையின்றி வைப்பு வாங்குவதைத் தடைசெய்ய மத்திய அரசு 2019இல் ஒரு சட்டமே கொண்டுவந்தது. முதலீட்டாளர்களின் பணத்தைக் காக்கத் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் உண்டு. ஆனால் சட்டம் இருப்பதும் பணம் திரும்புவதும் வேறுவேறு. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். வங்கியில் இருக்கும் பணத்துக்கோ, ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியுமாக 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு இருக்கிறது. சீட்டுப் போடுவதாக இருந்தால்கூட, 1982ஆம் ஆண்டுச் சிட் பண்ட்ஸ் சட்டத்தின்கீழ் பதிவானதா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். ஆலயத்தில் பக்கத்தில் உட்காருகிறவர் என்பது பதிவுச் சான்றிதழ் ஆகாது.

கடுகுவிதை எழுதியது:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் அண்ணனுக்கும் நன்றி. நேற்று இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு மனைவியும் நானும் நோட்டை எடுத்து உட்கார்ந்தோம். மூன்று மாதச் செலவை நினைவிலிருந்து எழுதியபோது, மாதம் நான்காயிரத்துச் சொச்சத்துக்கு எங்கே போனது என்று இருவருக்குமே தெரியவில்லை. அது ஏறக்குறைய எங்கள் தசமபாகத்தின் அளவு என்பதைப் பார்த்து இருவரும் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம்.

அண்ணன் சொன்னபடி தசமபாகத்தை இப்போதைக்குத் தொடுவதில்லை என்றும், காணாமற்போகும் அந்த 4,000 ரூபாயைக் கண்டுபிடித்துக் கார்டுக்குத் திருப்புவது என்றும் முடிவு செய்தோம். மூன்று மாதத்தில் அது முடியாவிட்டால், அக்கா சொன்ன வழிக்கு வருவது என்பது மனைவி வைத்த நிபந்தனை, நான் சம்மதித்தேன். ஜெபக்கூட்டச் சகோதரரிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன், அவர் இப்போது என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. மாமனாரிடம் மன்னாவைப் பற்றிச் சொன்னேன். ஆறாம் நாள் எது என்று யார் தீர்மானிப்பது என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

ஐயாவிடம் ஒரு கேள்வி: ஆர்.டி. என் மனைவியின் பெயரில் இருக்கிறது. அதை முறிக்க நான் மட்டும் போனால் போதுமா?

பழைய கணக்கர் எழுதியது:

போதாது தம்பி. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். பாஸ்புத்தகத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு அவரையே அழைத்துப் போங்கள். போகிற வழியில் அந்தச் சேமிப்புக் கணக்குக்கு நாமினி போட்டிருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். மாமனார் கேட்டது நல்ல கேள்விதான், என்னிடம் அதற்குப் பதில் இல்லை.