ஓட்டுப் போடாதவனுக்குக் குறை சொல்ல உரிமை கிடையாதா?

ஓரத்து இருக்கை கேட்டது:

கடந்த தேர்தலில் நான் ஓட்டுப் போடவில்லை. ஊரில்தான் இருந்தேன், உடம்புக்கும் ஒன்றுமில்லை. யோசித்து, வேண்டாம் என்று முடிவெடுத்துத்தான் போகாமல் இருந்தேன். அன்றிலிருந்து அரசைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் அக்காவிடமிருந்து ஒரே பதில்தான். "ஓட்டே போடாதவன் நீ, உனக்கென்ன பேச்சு?"

என் கணக்கைச் சொல்கிறேன். லட்சக்கணக்கானோர் ஓட்டளிக்கும் தொகுதியில் என் ஒற்றை ஓட்டு எதையும் மாற்றப் போவதில்லை. நின்றவர்களில் ஒருவரையும் எனக்குப் பிடிக்கவில்லை. சரி, இருப்பதில் இவர் பரவாயில்லை என்று ஒருவருக்குப் போட்டால், அடுத்த தேர்தல் வரை அவர் செய்வதற்கெல்லாம் நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிறது. ஜெயித்ததும் மேடையேறி "மக்கள் எங்களுக்கு ஆணை கொடுத்துவிட்டார்கள்" என்பார்கள். அந்த மக்களில் என் பெயர் வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

அதற்காக நான் சும்மா இருக்கும் ஆள் இல்லை. தகவல் கேட்டு மனுப் போடுகிறேன், பொதுக் கூட்டங்களுக்குப் போகிறேன், பொறுப்பில் இருப்பவர்களுக்குக் கடிதம் எழுதுகிறேன். என் பார்வையில் ஜனநாயகம் அங்கேதான் நடக்கிறது.

அக்கா சொல்வது சரியா? ஓட்டுதான் ஜனநாயகமா, இல்லை அதில் ஒரு துண்டு மட்டுமா? "முன்னோர் போராடி வாங்கித் தந்த உரிமை" என்ற பதில் மட்டும் வேண்டாம். அதைத் தினமும் கேட்கிறேன்.

செங்காந்தள் எழுதியது:

கட்டாயமாக்கிவிட்டால் இந்தப் பேச்சே எழாது. ஆஸ்திரேலியாவில் 1922 தேர்தலில் ஓட்டளித்தவர்கள் 60 விழுக்காட்டுக்கும் குறைவு. 1924-ல் சட்டம் வந்தது, அடுத்த ஆண்டு தேர்தலில் 91 விழுக்காட்டைத் தாண்டியது. நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டளிக்காதவருக்கு அபராதம் 20 டாலர்தான், தகுந்த காரணம் சொன்னால் அதுவும் இல்லை. நூறு வருஷமாக அங்கே இது ஓடுகிறது, யாரும் சர்வாதிகாரம் வந்துவிட்டது என்று அலறவில்லை.

கட்டாயம் என்றால் அரசுக்கும் சேர்த்துத்தான் கட்டாயம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எல்லோரும் வரவேண்டுமென்றால் எல்லோரும் வர முடிகிற மாதிரி ஏற்பாடு செய்தாக வேண்டும். அதனால்தான் அங்கே சனிக்கிழமை தேர்தல், தபால் ஓட்டு, முன்கூட்டியே போடும் வசதி எல்லாம். யாரையும் பிடிக்கவில்லையா, சீட்டை எதுவும் எழுதாமல் மடித்துப் போட்டுவிட்டு வரலாம். மிச்சத் தத்துவமெல்லாம் வரிசையில் நிற்கச் சோம்பல் என்பதற்கு வைத்த நல்ல பெயர்கள். இது என் கட்சி.

குலுக்கல் கட்சி எழுதியது:

என் கட்சி வேறு. ஓட்டே வேண்டாம், சீட்டுக் குலுக்கிப் போடுங்கள்!

சிரிக்காதீர்கள். பழைய ஏதென்ஸில் ஐந்நூற்றுவர் அவையைக் குலுக்கலில்தான் எடுத்தார்கள். குலுக்கல் ஜனநாயகத்துக்கு உரியது, தேர்தல் சிலராட்சிக்கு உரியது என்பது அரிஸ்டாட்டில் காலத்துக் கருத்து. ஏன் என்று யோசித்தால் புரியும். தேர்தல் என்று வைத்தாலே பணமும் பேரும் உள்ளவர்தான் முன்னே வருவார். உத்திரமேரூர்க் கல்வெட்டில், முதலாம் பராந்தகன் காலத்தில், குடவோலை முறை இருக்கிறது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது. நாம் அதைத் தேர்தல் என்று பெருமை பேசுகிறோம். அது குலுக்கல்.

பழங்கதை போதும் என்றால் அயர்லாந்து. 2016-ல் 99 சாதாரணக் குடிமக்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, ஒரு நீதிபதியைத் தலைமையில் வைத்து, அரசியல்வாதிகள் வருஷக்கணக்கில் தொடப் பயந்த கருக்கலைப்புச் சட்டத்தைப் பேசவிட்டார்கள். அவர்கள் நிபுணர்களைக் கேட்டார்கள், உட்கார்ந்து விவாதித்தார்கள், தெளிவான பரிந்துரை கொடுத்தார்கள். எத்தனை நாடாளுமன்றங்களுக்கு இது முடிகிறது?

பழைய வாத்தியார் எழுதியது:

புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, உங்கள் ஒற்றை ஓட்டு முடிவை மாற்றும் வாய்ப்பு மிக மிகக் குறைவு என்பது உண்மை. 2008-ல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் சி. பி. ஜோஷி ஒரே ஓட்டில் தோற்றார். 62,216-க்கு 62,215. 2017-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு தொகுதியில் இரண்டு பேருக்கும் 11,608 ஓட்டுகள். கடைசியில் ஒரு கிண்ணத்திலிருந்து சீட்டு எடுத்துத்தான் முடிவு செய்தார்கள் (குலுக்கல் கட்சிக்காரருக்கு இது இனிக்கும்). ஆனால் இவை ஆயிரக்கணக்கான தேர்தல்களில் எப்போதாவது நடப்பவை. இவற்றைக் காட்டி ஓட்டுப் போடச் சொல்வது, பரிசுச்சீட்டு விழுந்தவரைக் காட்டிச் சீட்டு விற்பதற்குச் சமம். நான் அதைச் செய்யமாட்டேன்.

அடுத்து, "மக்கள் ஆணை". இதில் உங்களுக்கு இருக்கும் எரிச்சல் எனக்கும் உண்டு. வகுப்பில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். சுற்றுலாவுக்கு மலையா, கடலா, கோட்டையா? மாணவர்களைச் சமமான மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் கூட்டத்துக்கு மலை, பிறகு கடல், கடைசியில் கோட்டை. இரண்டாவது கூட்டத்துக்குக் கடல், கோட்டை, மலை. மூன்றாவதற்குக் கோட்டை, மலை, கடல். இப்போது இரண்டிரண்டாக ஓட்டெடுங்கள். மலை கடலை வெல்லும், கடல் கோட்டையை வெல்லும், கோட்டை திரும்பி வந்து மலையை வெல்லும்! ஒவ்வொரு முறையும் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையோடு. 1785-லேயே கோந்தோர்சே என்ற பிரெஞ்சுக்காரர் இதைக் கண்டு எழுதிவிட்டார். வகுப்பின் விருப்பம் எது என்று கேட்டால் பதில் இல்லை. எந்தச் சோடிக்கு முதலில் ஓட்டு வைக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். வகுப்பே இப்படி என்றால் ஒரு நாட்டின் "ஆணை" எவ்வளவு உறுதியானது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2024-ல் பிரிட்டனில் தொழிற்கட்சி வாங்கியது ஏறக்குறைய 34 விழுக்காடு ஓட்டு. கிடைத்தது 650-ல் 411 இடம். ஓட்டளிக்க வந்தவர்களே சுமார் 60 விழுக்காடுதான். அதாவது பதிவான வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர் சொல்லி அசுரப் பெரும்பான்மை. ஆனால் இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வராமல் இருந்த 40 விழுக்காட்டுக்காக அந்த 411-லிருந்து ஒரு இடமாவது கழித்தார்களா? "அந்த மக்களில் என் பெயர் வேண்டாம்" என்கிறீர்கள். எடுப்பதற்கு அங்கே இடமே இல்லை, தம்பி. அவர்கள் போடும் சட்டம் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

வராமல் இருப்பதை யாராலும் படிக்கவும் முடியாது. கொள்கைக்காக வராதவர், காய்ச்சலில் படுத்தவர், பட்டியலில் பெயர் விட்டுப்போனவர், தூங்கியவர் எல்லோரும் ஒரே எண்ணாகத்தான் தெரிவார்கள். கட்சிக்காரர்கள் அதைப் படிக்கும் விதமும் வேறு. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் யார் ஓட்டளித்தார்கள் என்ற பட்டியலைக் கட்சிகள் வாங்கிக்கொள்ளலாம். யாருக்குப் போட்டார்கள் என்பது தெரியாது, வந்தாரா இல்லையா என்பது தெரியும். அடுத்த தேர்தலில் எந்தத் தெருவில் கதவைத் தட்டுவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். இளைஞர்கள் வராத ஊரில் இளைஞர்களுக்கான திட்டத்தைப் பற்றி எவரும் கவலைப்படமாட்டார்கள். உங்கள் மௌனத்தை எதிர்ப்பு என்று நீங்கள் நினைக்கிறீர்கள், அவர்களோ செலவு மிச்சம் என்று நினைக்கிறார்கள்.

அப்படியானால் ஓட்டு எதற்கு? நல்லவரைத் தேர்ந்தெடுக்க அது மட்டமான கருவி. இருப்பவரை ரத்தம் சிந்தாமல் இறக்குவதற்கு அதைவிட நல்ல கருவி இன்னும் வரவில்லை. கார்ல் பாப்பர் என்ற தத்துவவாதி இதைத்தான் ஜனநாயகத்தின் அடையாளமாகச் சொன்னார், எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. போரை வென்ற கையோடு 1945-ல் சர்ச்சிலை இறக்கினார்கள். 1977-ல் இந்திரா காந்தி ஆட்சியையும் இழந்தார், சொந்தத் தொகுதியையும் இழந்தார்.

எனக்குப் பிடித்த உதாரணம் காம்பியா. அங்கே அப்போது ஓட்டுச் சீட்டு கிடையாது, கோலிக் குண்டு. வேட்பாளர் படமும் கட்சி நிறமும் உள்ள தகர உருளை ஒவ்வொருவருக்கும் ஒன்று. உங்களுக்குப் பிடித்தவரின் உருளைக்குள் குண்டைப் போட்டால் உள்ளே ஒரு மணி அடிக்கும். யாராவது இரண்டாவது குண்டு போட்டால் வெளியே இருப்பவர்களுக்குக் காது கேட்டுவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தயக்கமில்லாமல் ஓட்டளிக்க 1960-களில் வந்த ஏற்பாடு. என்னைக் கேட்டால், எந்த இயந்திரத்தைவிடவும் அழகான வடிவமைப்பு. 1994-ல் ராணுவப் புரட்சியில் ஆட்சியைப் பிடித்த யாயா ஜாமே, 22 வருஷம் கழித்து 2016 டிசம்பரில் அந்தக் கோலிக் குண்டுகளிடம் தோற்றார். முதலில் ஒத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் பேச்சை மாற்றினார். அக்கம்பக்கத்து மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் படையோடு எல்லை தாண்டி வந்த பிறகுதான் 2017 ஜனவரியில் நாட்டைவிட்டுக் கிளம்பினார். ஆகவே ஓட்டு மட்டும் போதவில்லை. ஆனால் அந்த எண்ணிக்கை இல்லாவிட்டால் பக்கத்து நாடுகள் எதைச் சொல்லி வந்திருக்கும்?

இனி உங்கள் அக்கா விஷயம். அவர் சொல்வது தவறு. சுவிட்சர்லாந்தில் பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று 1959-ல் ஆண்களிடம் ஓட்டெடுத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் கூடாது என்றார்கள். முழுக்க முழுக்க முறைப்படி நடந்த வாக்கெடுப்பு! 1971-ல்தான் தேசிய அளவில் கிடைத்தது. அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற மாநிலத்தில் 1990 ஏப்ரலில்கூட ஆண்கள் கூடி மறுத்துவிட்டார்கள். அந்த ஆண்டு கடைசியில் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் முடித்துவைத்தது. ஓட்டே இல்லாத அந்தப் பெண்கள் அத்தனை காலமும் குறை சொன்னதால்தான் ஓட்டு வந்தது. "ஓட்டுப் போடாதவர் பேசக் கூடாது" என்ற விதி அன்று இருந்திருந்தால் இன்றும் வாய்மூடித்தான் இருந்திருப்பார்கள். குறை சொல்லும் உரிமை முதலில் வந்தது, ஓட்டு அதன் பிள்ளை. அக்காவிடம் தாராளமாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அடுத்த தேர்தலுக்குப் போங்கள்.

குலுக்கல் கட்சிக்காரருக்கு இரண்டு வார்த்தை. உத்திரமேரூர்க் குடத்துக்குள் யார் பெயர் வேண்டுமானாலும் போகவில்லை. வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, வயது வரம்பு எல்லாம் இருந்தால்தான் ஓலை. அது பிராமணர் சபை. பெண்களுக்கும் உழுதவர்களுக்கும் அதில் இடமில்லை. ஆனால் அதே கல்வெட்டில் ஒரு விதி இருக்கிறது, அதைப் படிக்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமில்லை, அவருடைய நெருங்கிய உறவினர்கள் பெயரும் குடத்துக்குள் போகக் கூடாது. அதை இன்று சட்டமாக்கினால் எத்தனை மேடைகள் காலியாகும்! அயர்லாந்திலும் அந்த 99 பேர் பரிந்துரைதான் செய்தார்கள். கதவைத் திறந்தது 2018 மே 25 பொதுவாக்கெடுப்பு, 66 விழுக்காடு ஆதரவு. பேசுவதற்குக் குலுக்கல், முடிப்பதற்கு ஓட்டு. அந்தச் சேர்க்கையை நானும் ஆதரிக்கிறேன்.

ஓரத்து இருக்கை எழுதியது:

ஐயா, சுவிஸ் பெண்கள் கதையை இன்றே அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை, அதுவே ஒரு வெற்றி.

ஆனால் கையெழுத்துப் போட்ட உணர்வு எனக்குப் போகவில்லை. இறக்குவதற்கு ஒருவருக்கு எதிராகப் போடும் ஓட்டு, இன்னொருவரை ஏற்றும் ஓட்டாகவும் ஆகிவிடுகிறதே? செங்காந்தள் சொல்வது போல வெற்றுச் சீட்டு போட்டால் அதற்கு எங்காவது பல் உண்டா? இந்தியாவில் 2013-ல் வந்த நோட்டாவுக்கு இல்லை என்று தெரியும். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் நோட்டா முதலிடம் வந்தாலும் அடுத்து வந்த வேட்பாளர்தான் ஜெயித்ததாக அறிவிக்கப்படுவார்.

பழைய வாத்தியார் எழுதியது:

உண்டு, கொலம்பியாவில். அங்கே வெற்று ஓட்டுக்குச் சீட்டிலேயே தனிக் கட்டம் இருக்கிறது. செல்லுபடியாகும் ஓட்டுகளில் அது பாதியைத் தாண்டினால் தேர்தலை ஒரு முறை மறுபடி நடத்த வேண்டும். மேயர், ஆளுநர் போன்ற தனிப் பதவிகள் என்றால் பழைய வேட்பாளர்கள் மறுபடி நிற்கவும் முடியாது. 2011-ல் பெயோ என்ற நகரத்தில் மேயர் பதவிக்கு ஒரே ஒருவர்தான் களத்தில் நின்றார். போட்டியே இல்லையே என்று கடுப்பான மக்கள் வெற்று ஓட்டுக்காகத் தெருத்தெருவாகப் பிரசாரம் செய்தார்கள். அதற்குப் பாதிக்கு மேல் விழுந்தது. அவர் வீட்டுக்குப் போனார், சில வாரங்களில் வேறு ஆட்களை வைத்துத் தேர்தல் நடந்தது.

உங்கள் எரிச்சலுக்கு ஏற்ற சட்டம் இது என்று நினைக்கிறேன். மனுப் போடுவதில் கை தேர்ந்தவர் என்கிறீர்கள், இதைக் கேட்டு ஒன்று எழுதிப் பாருங்களேன்.

செங்காந்தள் எழுதியது:

எழுதினால் இங்கேயும் ஒட்டுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த 20 டாலர் அபராதத்தையும் கடைசி வரியில் சேர்க்க வேண்டும், அது என் நிபந்தனை.