பாக்ஸ்டி உள்ளே வேகவே மாட்டேன் என்கிறது, வழி சொல்லுங்கள்

டப்ளினில் இருக்கிறேன். இங்கே அயர்லாந்தின் லீட்ரிம், கேவன் பக்கத்துக் கிராமங்களில் அந்தக் காலத்தில் சுட்ட பாக்ஸ்டி என்ற உருளைக்கிழங்கு ரொட்டியை வீட்டில் செய்து பார்க்கிறேன், மேலே நன்றாகச் சிவக்கிறது, உள்ளே மட்டும் களி மாதிரி பிசுபிசுப்பு. இந்தக் குளிர்காலம் முழுக்க இதே பாடு.

பச்சைக் கிழங்கைத் துருவி, துணியில் பிழிந்து, அந்தத் தண்ணீரின் அடியில் தங்கும் மாவையும் எடுத்து, அதே அளவு மசித்த கிழங்கு, மைதா, மோர், சமையல் சோடா, உப்பு சேர்க்கிறேன். கிழங்கு ரூஸ்டர் வகை, இரும்புத் தோசைக்கல், அரை அங்குல கனம். தீயைக் குறைத்தேன், மூடி போட்டேன், சரியாகவில்லை. மைதாவைக் கூட்டினால் கடிக்கவே முடியவில்லை. 1845-ல் பஞ்சம் வருவதற்கு முன் ஏழைக் கூலிக் குடும்பங்கள் கிழங்கையும் மோரையும் நம்பியே வாழ்ந்த ஊர்கள் அவை, அதனால் முட்டை சேர்க்க மனமில்லை.

முட்டை இல்லாமல் இது உள்ளே வேக எதை மாற்ற வேண்டும்?